மேக்ரோவில் வரிசைகளை அழித்தால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடுவது ஏன்?

தொகை பூஜ்யமாக உள்ள வரிசைகளை நீக்க எக்செல் மேக்ரோவில் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஃபார் லூப், அதாவது வரிசை வரிசையாகப் பார்த்துச் செல்லும் கட்டளை, போட்டிருக்கிறீர்கள், பாதிதான் போகிறது என்கிறீர்கள். மேலிருந்து கீழே வருகிறீர்கள், அதுதான் கோளாறு. நானும் இதில் மாட்டியவன்தான்.

கடலூர் முதுநகரில் ஒரு விசைப்படகுக்குக் கணக்கு எழுதுகிறேன். நாளுக்கு ஒரு வரிசை: தேதி, பெட்டி, ஏலத் தொகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் தொகை பூஜ்யம். சராசரி பார்க்க அந்த நாட்களை எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. லூப்பை ஓட்டினேன். 31 வரிசை போனது, 30 அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். தலைப்பு முதல் வரிசை, ஜனவரி 1 இரண்டாவது என்றால் ஏப்ரல் 15 வருவது 106-இல். அதை அழித்ததும் 16-ஆம் தேதி மேலே ஏறி 106-இல் உட்கார்ந்துகொள்ளும். லூப்போ 107-க்குப் போய்விடும். அங்கே இருப்பது 17. ஆக 16 தப்பித்தது, இப்படியே 18, 20...

கடைசி வரிசையிலிருந்து தொடங்கி, ஸ்டெப் மைனஸ் 1 (ஒவ்வொரு வரிசையாகப் பின்னோக்கி) போட்டு மேலே வாருங்கள். அழிக்கும்போது இடம் மாறுவது ஏற்கெனவே பார்த்து முடித்த வரிசைகள்தான், அதனால் எதுவும் தப்பாது. கடைசி வரிசையைக் கண்டுபிடிக்க எண்ட் எக்ஸ்எல்அப் என்ற கட்டளை போதும். ஷீட்டின் அடியில் நின்று கண்ட்ரோலும் மேல் அம்புக்குறியும் அழுத்துகிற அதே வேலை. தேதி போல எப்போதும் நிரம்பியிருக்கும் பத்தியில் பாருங்கள்.

லூப் எண்ணை (எந்த வரிசையில் நிற்கிறது என்பதை வைத்திருக்கும் மாறி) இன்டீஜர் வகை என்று அறிவித்திருந்தால், பெரிய எண்களைத் தாங்கும் லாங் வகை என்று மாற்றிவிடுங்கள். இன்டீஜர் 32,767-ஐத் தாண்டாது, ஷீட்டில் 10,48,576 வரிசை இருக்கிறது. பெரிய ஃபைலில் ஓவர்ஃப்ளோ (எண் அளவு மீறிவிட்டது) என்று நின்றுவிடும்.

அப்புறம் ஒன்று, இதில்தான் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலி செல்லை பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) 'சரி, இரண்டும் ஒன்று' என்றுதான் சொல்லும். வியாபாரி இன்னும் பணம் தராத நாட்களில் தொகையை எழுதாமல் விட்டிருந்தேன். தடைக்காலத்தோடு அந்த நாட்களும் சேர்ந்து போயின. கண்ட்ரோல் இசட் அடித்துப் பார்த்தேன், ம்ஹூம். மேக்ரோ செய்ததை அது திருப்பித் தராது. ஃபைலையும் சேமித்திருந்தேன். ஏலச் சீட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அதனால் பூஜ்யமா என்று கேட்பதற்கு முன்னால் இஸ்எம்ப்டி வைத்து, செல் காலியா என்று கேளுங்கள். காலி என்றால் தொடாதீர்கள். என் மேக்ரோ இப்போது முதல் வேலையாக ஷீட்டை நகலெடுத்து, அந்த நகலில்தான் கை வைக்கிறது.