டர்போ போன பழைய கார்: சரிசெய்வதா, தள்ளிவிடுவதா?

கேள்வி: ராசிபுரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். 2014-இல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல் கார், 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் 900 கி.மீ. ஓட்டுவேன். சென்ற வாரம் ஏற்காடு மலை ஏறும்போது இழுவை குறைந்து நீலப் புகை தள்ளியது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 72,000 ரூபாய். வெளிப் பட்டறையில் பழையதையே சரிசெய்து போட 30,000. போன மாதம்தான் 20,000 ரூபாய்க்கு டயர் மாற்றினேன். இப்படியே கொடுத்தால் 1,10,000 தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். நன்றாக ஓடினால் இரண்டேகால் லட்சம் போகுமாம். 8 லட்சம் கடனில் புதிய கார் எடுத்துவிடலாமா? வங்கியில் 2 லட்சம் வைப்பு இருக்கிறது, ஓர் ஏலச்சீட்டும் கட்டுகிறேன். தீபாவளி வியாபாரம் முடியும்வரை மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாமா?

பதில்: முதலில் கார் சாவியை எடுத்து பீரோவில் வையுங்கள். பட்டறைக்குக்கூட கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுவது; அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்து எரிகிறது என்று பொருள். கசிவு அதிகமானால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுத்து ஓடும். அப்படி ஓடினால் இன்ஜினே போய்விடும். பிறகு நாம் பேசுவது 30,000 பற்றியோ 72,000 பற்றியோ அல்ல.

அடுத்து, டர்போ ஏன் போனது என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. டர்போ பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. ஆயில் மாற்றத் தாமதித்து, கசடு சேர்ந்து, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்ளும். சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கும். காரணத்தை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால், கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். என் சொந்தக் காரில் இதை அனுபவித்திருக்கிறேன். மாற்றிய டர்போ நான்கே மாதத்தில் போனது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை யாருமே கழற்றிப் பார்த்திருக்கவில்லை.

எனவே முடிவெடுக்கும் முன் சில ஆயிரம் செலவழித்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு), ஆயில் அழுத்தம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைத் தாளைப் பார்த்த பிறகு பணக் கணக்குக்கு வருவோம்.

இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போவுக்கு 30,000, அதோடு புதிய ஆயில் குழாய், ஆயில், ஃபில்டர்கள், சம்ப் திறந்து சுத்தம் செய்வது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவுவது என்று சேர்த்து 45,000 ஒதுக்குங்கள். இந்தக் கூடுதல் வேலைகளை ‘தேவையில்லை’ என்று சொல்லும் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். லாரித் தொழிலால் வளர்ந்த நாமக்கல் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டர்போ வேலையையே தொழிலாகச் செய்பவர்களை விசாரியுங்கள். உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகங்களைக் கண்ணால் பாருங்கள். மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் உங்கள் காரில் உள்ள 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின் டாடா கார்களிலும் வந்தது. பாகங்களுக்குப் பஞ்சமில்லை.

8 லட்சம் கடனுக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 16,800 ரூபாய். வட்டி மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். 45,000 என்பது மூன்று தவணைக்கும் குறைவு. விற்பதென்று முடிவு செய்தாலும் சரிசெய்து விற்பதே லாபம்: 45,000 போட்டால் 1,15,000 கூடுதலாகக் கிடைக்கிறது. வாங்குபவரிடம் டர்போ மாற்றியதைச் சொல்லி, பில்லையும் கொடுத்து விற்க வேண்டும். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

டயருக்குப் போட்ட 20,000-ஐ மறந்துவிடுங்கள். வண்டியை வைத்துக்கொள்ள அது ஒரு காரணம் ஆகாது. ‘டீசல் காருக்குப் பத்து வருடம்தான்’ என்று வியாபாரி பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அந்தப் பேச்சு டெல்லி வட்டாரத்தைப் பற்றியது. இங்கே உங்கள் பதிவு 2029 வரை செல்லும். பிறகு தகுதிச் சோதனை, பசுமை வரி, புதுப்பிப்புக் கட்டணம் ஆகியவற்றோடு நீட்டிக்கலாம். காப்பீட்டில் இந்தச் செலவு கிடைக்காது, தேய்மானம் அதில் சேராது.

பணத்துக்கு ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்காதீர்கள். அவசரத்தில் தள்ளுபவர்தான் அந்தச் சீட்டில் அதிகம் இழப்பவர். கிரெடிட் கார்டு தவணையும் வேண்டாம். வட்டியோடு, வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். வைப்பை உடைக்காமல் அதன் மேல் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். தீபாவளி வியாபாரப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம். இப்படி ஒரு நாளுக்குத்தானே அந்த வைப்பு?

சோதனையில் கம்ப்ரஷன் குறைவாக வந்தால் கதை வேறு. அப்போது ஒரு ரூபாயும் போடாமல், உள்ளதைச் சொல்லி, வியாபாரி தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். 1,10,000-லிருந்து கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை. அப்போதும் 8 லட்சம் கடன் வேண்டாம். நான்கு லட்சத்துக்குள் நல்ல பழைய பெட்ரோல் கார் பாருங்கள். மாதம் 900 கி.மீ. ஓட்டுபவருக்கு டீசல் வண்டி தேவையே இல்லை.