அட்வான்ஸுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல் கிடைக்கவில்லை. கோட்டூர்புரத்தில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்தோம். வாடகை 32,000, அட்வான்ஸ் பத்து மாதம். சென்னையில் வேலை பார்க்கும் மைத்துனர் மகளும் உடன் தங்குவாள். "வாடகையில் பாதி தர்றேன், அட்வான்ஸை மட்டும் நீங்க போட்டுருங்க, எப்படியும் திரும்பி வர்ற பணம்தானே" என்கிறார் மைத்துனர். மனைவியின் நகையை 12 சதவீத வட்டிக்கு வைக்கலாம் என்றிருக்கிறேன். (மகன் படிப்புக்காக மூன்று வருடம் முன்பு வைத்த 1,80,000 ரூபாய் நகைக்கடனும் ஓடுகிறது. வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்களே, அதுதான் விஷயம். அந்த 1,80,000க்கும் இதே 12 சதவீதம்தான் என்றால் இதுவரை கிட்டத்தட்ட 65,000 வட்டி போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இப்போது அதன் மேல் இன்னொரு 3,20,000. மளிகைக் கடையில் யாராவது இப்படிக் கணக்கு வைத்தால் நீங்கள் கடன் கொடுப்பீர்களா?

அட்வான்ஸ் திரும்பி வரும், சரி. வட்டி வராது. வருடத்துக்கு 38,400, அதாவது மாதம் 3,200. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் இன்னொரு 1,300. இரண்டும் உங்கள் தலையில்தான். ஆக, 16,000 என்று நினைக்கும் உங்கள் பங்கு 20,500. மைத்துனர் மகளுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம் கூடிவிட்டால் முழு 32,000மும் உங்களுடையது.

பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய பழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் நீங்களே கூடுதலுக்குக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். அதனால் பேரம் கையெழுத்துக்கு முன்பே. மூன்றுக்கு இறங்காதவர் ஐந்துக்காவது இறங்குவார். இறங்கவில்லையா, அடுத்த வீடு. 'அட்வான்ஸே வேண்டாம், மாதத் தவணை போதும்' என்று வரும் ஆப் விளம்பரங்களை மகள் காட்டுவாள். அதுவும் கடன்தான், பெயர்தான் வேறு.

வாசலிலேயே வீடு வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கினால் பல்கலைக்கழகம் நடக்கும் தூரம். அதே தடத்தில் தரமணி, பெருங்குடி, வேளச்சேரி இருக்கின்றன. சீசன் டிக்கெட் செலவு பெரிதல்ல. வேளச்சேரியில் 21,000க்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பெண்கள் சேர்ந்தால் ஆளுக்கு 7,000. மூன்று மாத அட்வான்ஸில் உங்கள் பங்கு 21,000, கடைக் கல்லாவிலிருந்தே எடுக்கலாம். தரைத்தளம் மட்டும் வேண்டாம், 2015லும் 2023 டிசம்பரிலும் அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வாடகை ஏன் குறைவு என்று தரகர் சொல்ல மாட்டார். கரன்ட் பில்லை மின்வாரியக் கணக்கிலேயே நேராகக் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது, பத்து என்று வாங்கும் வீட்டில் அரசு தரும் 100 யூனிட் இலவசம் உங்கள் மகளுக்கு வராது.

தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பதற்கு முன் மகளை டிபார்ட்மென்ட் சீனியர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். படிப்பு முடித்துக் கிளம்பும் பெண்ணின் இடத்துக்கு இன்னொருத்தி போவதும், அட்வான்ஸ் பங்கைக் கைமாற்றிக்கொள்வதும் மாணவர்களிடம் சகஜம். அப்படிப் போனால் வீட்டுக்காரரை ஒப்பந்தத்தில் மகள் பெயரை எழுதச் சொல்லுங்கள், வாய்ச்சொல் போதாது.

வட்டிக்கென்று போகவிருந்த அந்த 3,200ஐ மாதாமாதம் பழைய நகைக்கடனில் அசலாகக் கட்டுங்கள். எந்த நாளும் பகுதி அசல் வாங்கிக்கொள்வார்களா என்று நாளைக்கே கேளுங்கள்.

மைத்துனரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதில்லை. அட்வான்ஸிலும் அவர் பங்கைப் போடச் சொல்லுங்கள். போட்டால் வேளச்சேரி வீட்டில் அவர் மகள் நான்காவது ஆள், ஆளுக்கு 5,250.