எலக்ட்ரானிக்ஸ் பழக ஏழாயிரம் ரூபாய் வேண்டுமா?

கேள்வி: அண்ணாச்சி, தென்காசி மாவட்டம், கேரள எல்லையோரம் உள்ள புளியரையிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் சின்னச் சின்ன சர்க்யூட் செய்து பழக ஆசை. தேவையானதைப் பட்டியல் போட்டேன்: பெஞ்ச் பவர் சப்ளை, போர்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டு, அயர்ன் நுனியான பிட்டைத் துடைக்கும் பித்தளை நார், ஈயம் உறிஞ்சும் விக், ஆன்டி-ஸ்டாட்டிக் பை, அடுக்குப் பெட்டி, ஜம்பர் வயர், பிசிபி போர்டு செய்யச் செம்பை அரிக்கும் கெமிக்கல். கூட்டினால் 7,000 ரூபாயைத் தாண்டுகிறது. மாதம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். வீட்டுப் பொருட்களை வைத்து எவ்வளவு தூரம் சமாளிக்கலாம்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடக்கிறது. ஆனால் சூடாக்கும் சால்டரிங் அயர்ன் போக, பட்டியலில் நீங்கள் எழுதாமல் விட்ட மூன்று பொருட்கள் இருக்கின்றன. பற்றவைக்க நல்ல ஈயம், பற்று பிடிக்க உதவும் நல்ல ஃபிளக்ஸ், ஒரு மல்டிமீட்டர். உங்கள் 500 ரூபாய் முதலில் போக வேண்டியது அங்கேதான். மிச்சம் பிடிக்கிறேன் என்று பையன்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான், அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

ஈயச் சுருள் வாங்கும்போது 63/37 அல்லது 60/40 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முதல் எண் வெள்ளீயம், இரண்டாவது காரீயம். 63/37 கலவை சரியாக 183 டிகிரியில் உருகும், அதே 183-ல் உறையும். நடுவில் குழைந்த நிலை என்று ஒன்று கிடையாது. பெயரில்லாத மலிவுச் சுருளில் பெரும்பாலும் காரீயம் கூடுதலாக இருக்கும். அது உருகிய பின் கொஞ்ச நேரம் குழம்பு போல நிற்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் பற்று மங்கி, சொரசொரவென்று ஆகிவிடும். பழகுபவரின் கை ஆடத்தான் செய்யும், ஆகவே நல்ல ஈயம் உங்களுக்குத்தான் என்னைவிட அவசியம்.

ஃபிளக்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கடை போட்ட புதிதில் வழக்கமாகப் போடும் ஃபிளக்ஸான ரோசின் தீர்ந்துபோய், பாத்திரம் பற்றவைக்கிறவரிடம் கொஞ்சம் ஆசிட் வாங்கி ஒரு ரேடியோ போர்டை முடித்துக் கொடுத்தேன். துத்தநாகத்தை ஆசிட்டில் கரைத்துச் செய்வது அது, சிங்க் குளோரைடு. பற்று கண்ணாடி போல வந்தது. ஆனி, ஆடிச் சாரல் முடிந்து ரேடியோ திரும்பி வந்தது. திறந்தால் பற்றைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினேன், களிம்போடு செம்புத் தடமும் பொடியாக உதிர்ந்து வந்துவிட்டது. நம் ஊர்க் காற்றில் மூன்று மாதம் ஈரம் நிற்கும். அந்தக் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். வறண்ட ஊரில் ஒருவேளை தப்பிக்கலாம், கோட்டைவாசல் கணவாய்க்குக் கீழே இருந்துகொண்டு தப்பிக்க முடியாது.

அதற்குப் பதில் மலிவான நல்ல வழி இருக்கிறது. ரோசின் கட்டி கொஞ்சம் வாங்கிப் பொடித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரையுங்கள். ஒரு பங்கு ரோசினுக்கு மூன்று, நான்கு பங்கு ஆல்கஹால். தேன் நிறத்தில் வரும். காலியான நெயில் பாலிஷ் சீசாவை நன்றாகக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றுங்கள், பிரஷ் மூடியிலேயே இருக்கிறது. வீட்டிலிருக்கும் சானிட்டைசரை இதற்கு எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், காயாமல் பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும்.

மல்டிமீட்டரில், மஞ்சள் நிறத்தில் வரும் மலிவு டிஜிட்டல் மீட்டரே பேட்டரி வேலைக்குப் போதும். ஆனால் அதன் 10 ஆம்பியர் துளைக்கு அருகில் பெரும்பாலும் 'அன்ஃபியூஸ்ட்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே ஃபியூஸ் இல்லை என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகக் கூடாது.

சரி, இப்போது மிச்சத்துக்கு வருவோம். உங்கள் பட்டியலில் பெரிய தொகை பவர் சப்ளைதான். முதல் சில மாதங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். நான்கு பென்சில் செல் போட்டால் 6 வோல்ட். 5 வோல்ட் வேண்டுமென்றால் பழைய செல்போன் சார்ஜர். 12 வோல்டுக்கு, மாற்றிப் போட்ட மோடத்தின் அடாப்டர். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் கிடைத்தால் 3.3, 5, 12 மூன்றும் ஒரே பெட்டியில் வந்துவிடும். பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சேர்த்தால் ஓடத் தொடங்கும். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு ஆபத்து உண்டு. 12 வோல்ட் வயர் பத்து ஆம்பியருக்கு மேலும் தள்ளும். நீங்கள் தவறாக ஒரு வயரைச் செருகினால் பாகம் எரிந்து முடியும் வரை அது நிறுத்தாது. விலை கூடிய பெஞ்ச் சப்ளைக்குக் காசு கொடுப்பதே இந்தக் கரன்ட் கட்டுப்பாட்டுக்காகத்தான். அந்த வேலையை ஒரு பைக் இன்டிகேட்டர் பல்பு செய்யும். மெக்கானிக் ஷெட்டில் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்று கேளுங்கள். அதை பாசிட்டிவ் வயரில் தொடராக இணையுங்கள். பத்து வாட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.83 ஆம்பியர். சர்க்யூட்டில் முழு ஷார்ட் ஆனாலும் அதற்கு மேல் போகாது, பல்பு பளிச்சென்று எரிந்து உங்களுக்குச் சொல்லிவிடும். கரன்ட் குறைவாக இழுக்கும் சர்க்யூட் என்றால் இழை குளிர்ந்தே இருக்கும், தடையும் குறைவு, பல்பு அங்கே இருப்பதே தெரியாது. இதைவிட மலிவான காவல்காரனை நான் பார்த்ததில்லை.

இதன் அண்ணன்தான் எங்கள் கடைகளில் இருக்கும் சீரியஸ் பல்பு போர்டு. 230 வோல்ட் ஃபேஸ் வயரை வெட்டி, நடுவில் குண்டு பல்பு ஹோல்டர், அப்புறம் ஒரு பிளக் பாயின்ட். 60 வாட் குண்டு பல்பு போட்டால் கால் ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஓடும். பழைய இரும்பு வாங்கி விற்கும் ஆக்கர் கடையில் வாங்கிய அடாப்டரை முதல் தடவை இதில் செருகிப் பார்க்கலாம். பல்பு ஒரு மின்னு மின்னி அடங்கினால் நல்லது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். இந்த போர்டைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை உட்கார வைத்துச் செய்துகொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சீரியஸ் பல்பு அடாப்டரைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. வீட்டில் உயிர் காக்க மாட்டும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரிலேயே கட் ஆகும்படி செய்திருக்கிறார்கள். 60 வாட் பல்போ அதைப் போல எட்டு மடங்கு வரை வர விட்டுவிடும்.

ஆக்கர் கடை என்றேன். மலையேறி ஆரியங்காவு தாண்டினால் ஆக்ரிக் கடை, பெயரில்தான் கொஞ்சம் வித்தியாசம். புனலூர், கொல்லம் பக்கத்து ஆக்ரிக் கடைகளில் கல்ஃபிலிருந்து வந்த அடாப்டர்கள் நிறைய விழும். தடித்த மூன்று முள் பிளக்கும், அதற்குள்ளேயே ஃபியூஸும் உள்ளவை. நல்ல சரக்குதான், ஆனால் ஸ்டிக்கரில் 'இன்புட்' வரியைப் படித்துவிட்டு எடுங்கள். 100-240 என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சவூதியில் ஒரு காலத்தில் வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. அந்தக் காலத்துக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை நம் 230-ல் செருகினால் புகைந்துவிடும்.

ஜம்பர் வயருக்குக் காசே வேண்டாம். நெட் கனெக்ஷன் கொடுக்க வருபவர்கள் வெட்டிப் போடும் லேன் கேபிள் துண்டு ஒரு முழம் போதும். உரித்தால் நான்கு ஜோடி, எட்டு நிறம், அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒற்றைக் கம்பி. பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பழகும் பிரெட்போர்டின் துளைக்கு அளவெடுத்தது போல இருக்கும். ஒரு நுனியை மட்டும் பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், நாலு தடவை வளைத்தால் துளைக்குள்ளேயே ஒடிந்து உட்கார்ந்துவிடும்.

விக் விஷயத்திலும் இதே அலுமினியம்தான் ஏமாற்றும். கேபிள் டிவி வயரின் பின்னலை உருவி ஈயம் உறிஞ்சலாம் என்று பலர் முயன்று பார்ப்பார்கள். இப்போது வரும் வயரில் அந்தப் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் அதைத் தொடாது. பழைய மைக் வயரின் உறைப் பின்னல் கிடைத்தால் எடுங்கள், அது செம்பு. நெயில் பாலிஷ் சீசாவிலிருக்கும் ரோசினை அதில் தடவிக் காயவிட்டால் கடை விக்குக்கு ஈடாக உறிஞ்சும்.

பிட் துடைக்க ஈரமான பருத்தித் துணியை நாலாக மடித்து ஒரு டப்பா மூடியில் வையுங்கள், போதும். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு உருகிப் பிட்டில் ஒட்டும். ஸ்டீல் நார் பிட்டின் மேல்பூச்சைக் கீறிவிடும். செம்பு நிறத்தில் விற்கும் நார் எல்லாம் செம்பும் அல்ல, பித்தளையும் அல்ல. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. பூச்சுள்ள பிட்டில் அரமோ உப்புத்தாளோ படவே கூடாது. பூச்சு போன இடத்தில் ஈயம் செம்பைக் கரைத்துக் குழி பறித்துவிடும். வெறும் செம்பு பிட் என்றால் மட்டும் அரம் போடலாம்.

போர்டைப் பிடிக்க ஸ்டாண்டுக்குப் பதில் மரத் துண்டில் ஆணியடித்து நிறுத்திய இரண்டு துணி கிளிப். பழைய கம்ப்யூட்டர் ஃபேனை 12 வோல்டில் ஓடவிட்டுப் புகையைத் தள்ளிவிடுங்கள். அந்தப் புகை ரோசின் எரிவது, தொடர்ந்து இழுத்தால் ஆஸ்துமா வரலாம். காரீயம் கை வழியாகத்தான் வயிற்றுக்குப் போகும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கை எடுக்காதீர்கள். பாகத்தின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்குக்கு, அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் வெட்டுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். ஹீட் சிங்கில் பூசும் பேஸ்டுக்குப் பதில் டூத்பேஸ்ட் மட்டும் வேண்டாம், சில நாளில் காய்ந்து கல்லாகிவிடும்.

ஃபியூஸ் போன சிஎஃப்எல், எல்இடி பல்புகளில் நிறையப் பாகம் கிடைக்கும் என்பது உண்மைதான். சிஎஃப்எல் குழாயை உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம். அடியிலுள்ள போர்டில் ஒரு பெரிய கெபாசிட்டர் நிற்கும். நம் 230 வோல்ட் டிசியாக மாறும்போது உச்சம் 325 வோல்ட், அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணிப் பழகாதீர்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் இன்சுலேஷன் உள்ள வயர் வைத்து, கெபாசிட்டர் கால்களில் சில விநாடி பிடியுங்கள். அப்புறம் மீட்டர் வைத்துப் பூஜ்யம்தானா என்று பாருங்கள்.

பிசிபி கெமிக்கலை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். துளை போட்டே விற்கும் டாட் போர்டு வாங்கினால் முதல் வருஷம் ஓடிவிடும். வினிகர், பெராக்சைடு, உப்பு கலந்து செம்பை வீட்டிலேயே அரிக்கலாம்தான். ஆனால் மிஞ்சும் பச்சைத் தண்ணீர் முழுக்கச் செம்பு உப்பு, வாய்க்காலில் விட்டால் மீனுக்கு ஆகாது. இறுக மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டிலும் வெடிக்கும்.

கடைசியாக அடுக்குப் பெட்டி. காலித் தீப்பெட்டி பன்னிரண்டை ஒட்டினால் பன்னிரண்டு இழுப்பறை. கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு பெட்டிக்குக் காசு கொடுப்பானேன்? ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டர் காலை முன்பக்கம் குத்தி வளைத்தால் அதுவே கைப்பிடி, அதுவே லேபிள். ஐசி, மாஸ்ஃபெட் கால்களை அலுமினியத் தாள் சுற்றிய தெர்மகோலில் குத்தி வையுங்கள், வெறும் தெர்மகோலில் குத்தினால் ஸ்டாட்டிக்கில் போய்விடும். பட்டன் செல் மாட்டிய போர்டை அலுமினியத் தாளில் சுற்ற வேண்டாம், ஷார்ட் ஆகும்.

ஆனால் அட்டை ஈரம் குடிக்கும், சாரலில் பாகங்களின் கால் கறுத்து ஈயம் ஏறாது. அதனால் மொத்த அடுக்கையும் சிப்ஸ் கடையின் பெரிய வாய் ஜாடிக்குள் இறக்கி, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு மூடுங்கள். அரிசி போடாதீர்கள், மாவுத் தூசிதான் மிஞ்சும். கறுத்துப்போன காலைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்தால் மறுபடி பளபளக்கும்.

முதல் மாதம் 25 வாட் அயர்ன், ஈயம், ரோசின். இரண்டாம் மாதம் மீட்டர். ஜாடியை மட்டும் வைகாசிக்குள் தயார் செய்துவிடுங்கள், ஆனி பிறந்தால் சாரல் இறங்கிவிடும்.