மாடித் தொட்டியில் லெட்டூஸ் கசப்பது ஏன்?

வணக்கம். சென்னையில் மார்ச் மாதம் மொட்டைமாடியில் விதைத்த 'லிட்டில் ஜெம்' லெட்டூஸ் பாதிகூட முளைக்கவில்லை, முளைத்த செடிகளும் குச்சி மாதிரி நீண்டு கசக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். உரத்தை மாற்ற வேண்டாம், காரணம் வெயில்தான். சூடு 30 டிகிரியைத் தொட்டால் விதை அப்படியே உறங்கிவிடும். வளர்ந்த செடியோ பூக்க அவசரப்பட்டுத் தண்டை நீட்டும். அப்போது இலையைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளைப் பால் கசியும். கசப்பு அதில்தான் இருக்கிறது. இனி அந்தச் செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள்.

நவம்பர் கடைசியில், மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மறுபடி விதையுங்கள். அதற்கு முன் விதையை ஈரத்துணியில் மடித்து இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் நன்றாக முளைக்கும். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலே லேசாக மண் தூவினால் போதும்.

ஆறு அங்குல ஆழத் தொட்டி தாராளம். வேர் மேலாகவே ஓடுவதால் மண் காயவே கூடாது. காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது, இல்லையென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். அப்புறம், இலைகள் சேர்ந்து முழுக் கொண்டையாகும்வரை காத்திருக்காமல் வெளி இலைகளை இளசாகவே பறித்துச் சாப்பிடுங்கள்.