2018-இன் பாடல்கள் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசி வாரத்தில், அவ்வாண்டு வெளிவந்த தமிழ்த் திரைப்பாடல்களில் எனக்குப் பிடித்த பத்தைத் தேர்ந்து குறிப்பேட்டில் எழுதிவைப்பது கல்லூரிக் காலத்திலிருந்து என் வழக்கம். பக்கத்திலேயே பிடித்ததற்கான காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதுவேன். அண்மையில் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, 2016 ஆகஸ்டில் பாடலாசிரியர் நா. முத்துக்குமார் மறைந்த பிறகு நான் எழுதிய எந்தப் பட்டியலிலும் ‘வரிகள்’ என்ற காரணம் இல்லை என்பதைக் கண்டேன். தாளம், குரல், கிட்டார் என்றே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, 2018-க்கான என் பட்டியல் இது: ரௌடி பேபி, ஹை ஆன் லவ், குறும்பா, கல்யாண வயசு, காதலே காதலே, என்னடி மாயாவி நீ, மழைக்குருவி, செம்ம வெயிட்டு, தங்கச் செல, சிம்டாங்காரன்.

முத்துக்குமாரோடு தமிழ்த் திரைப்பாடலில் கவிதை முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்றால், இதே 2018-இலிருந்து உங்கள் தேர்வைச் சொல்ல முடியுமா? ஒரே ஒரு பாடலை முதலிடத்தில் வைக்கச் சொன்னால் எதை வைப்பீர்கள்?

அன்புடன்,
எம்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.,

உங்கள் குறிப்பேட்டை மதிக்கிறேன். ஆண்டுதோறும் தன் ரசனையைக் காரணத்தோடு எழுதிவைக்கும் ஒருவரோடு உரையாடுவது எளிது. எந்த இடத்தில் மாறுபடுகிறோம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. அதற்குச் சான்றாக நீங்கள் காட்டிய ஆண்டே என் மறுப்புக்கும் போதுமானது. 2018 செப்டம்பர் 27 அன்று ‘செக்கச் சிவந்த வானம்’, மறுநாள் ‘பரியேறும் பெருமாள்’, அக்டோபர் 4 அன்று ‘96’, அக்டோபர் 17 அன்று ‘வடசென்னை’ என்று மூன்றே வாரங்களுக்குள் நான்கு படங்கள் திரைக்கு வந்தன. இந்த நான்கின் பாடல்களும் ஒரே பருவத்தில் நம் காதுகளை வந்தடைந்தன என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. இவற்றில் குறைந்தது இரண்டு தொகுப்புகள் சொல்லால் நிற்பவை.

முதலில் முத்துக்குமாரைப் பற்றியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரும் அந்த ஆண்டில் இருக்கிறார். நவம்பர் 29 அன்று வெளியான ‘2.0’ படத்தின் ‘புள்ளினங்காள்’ அவர் எழுதியது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர் நாம் கேட்ட பாடல் அது. இயந்திரங்களும் கைபேசிகளும் மோதிக்கொள்ளும் படத்தில், பறவைகளோடு பேசும் ஒரு மனிதருக்காக எழுதப்பட்டது. கணியன் பூங்குன்றனின் ‘யாதும் ஊரே’ என்ற சொற்களை எடுத்து, மொழியும் மதமும் இல்லாத பறவையின் கூற்றாக அவற்றை மாற்றிவைத்திருக்கிறார். ஏ.ஆர். ரஹ்மான் அதற்குத் தேர்ந்த முதன்மைக் குரல் பம்பா பாக்யாவுடையது. அடிவயிற்றிலிருந்து எழுந்து மார்பிலேயே தங்கிவிடும் அந்தக் கனத்த குரல் வரிகளை அவசரமில்லாமல் எடுத்துவைக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள ‘சிம்டாங்கார’னிலும் ஒலிப்பது அதே குரல்தான். ‘வரிகள்’ என்ற காரணத்தை எழுதுவதற்கு இந்தப் பாடல் ஒன்றாவது உங்களுக்கு வாய்ப்பளித்திருக்கும்.

அடுத்து ‘96’. உங்கள் பட்டியலில் இத்தொகுப்பிலிருந்து ‘காதலே காதலே’ மட்டும் இருக்கிறது. அது நல்ல பாடல். சின்மயி, கோவிந்த் வசந்தா ஆகியோரின் குரல்களுக்கு நடுவே முதிய பாடகியான கல்யாணி மேனனின் குரல் வந்து சேரும் இடத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அத்தொகுப்பின் ஆழம் வேறு பாடல்களில் இருக்கிறது. கவிஞர் கார்த்திக் நேத்தா எழுதி பிரதீப் குமார் பாடிய ‘தி லைஃப் ஆஃப் ராம்’, ஊர் ஊராகச் சுற்றும் ராம் என்ற ஒளிப்படக் கலைஞனின் அறிமுகப் பாடல். தமிழ்ப் படங்களில் நாயகனின் அறிமுகப் பாடல் என்றால் என்னென்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே ஒருவன் தான் தனியாக இருப்பதைப் பற்றி, புகாரும் பெருமிதமும் இன்றி, மிக நிதானமாகப் பாடுகிறான். கரைக்கு வந்த பின்னர்தான் கடலைப் பிடிக்கிறது என்று தொடங்கும் அந்தப் பாடலில் காதலியின் பெயர் இல்லை, காதல் தோல்வி என்ற பேச்சும் இல்லை. ஆயினும் வாழாமல் விட்ட ஒரு வாழ்க்கை அதன் ஒவ்வோர் அடியிலும் இருப்பதைப் படத்தின் பிற்பகுதியைப் பார்க்கும்போதுதான் உணர்கிறோம். பாத்திரத்தின் மொத்த மனத்தையும் கதைக்கு முன்பே சொல்லி, சொன்னதை நமக்குத் தெரியாமலே வைத்திருக்கும் பாடல் என்று இதைச் சொல்வேன். பாடலாசிரியர் முழுக் கதையையும் உள்வாங்காமல் இப்படி எழுத இயலாது.

அதே படத்தில் உமாதேவி எழுதிய ‘இரவிங்கு தீவாய்’, ‘வசந்த காலங்கள்’, ‘தாபங்களே’ ஆகியவற்றை, அதே ஆண்டு ஜூனில் வெளியான ‘காலா’வுக்காக அவர் எழுதிய ‘கண்ணம்மா’வோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். ‘காலா’வில், பேரக்குழந்தைகள் உள்ள ஒரு மனிதர், பல்லாண்டுகளுக்குப் பின்னர் தாராவிக்குத் திரும்பி வந்திருக்கும் தன் பழைய காதலியைச் சந்திக்கிறார். ‘96’-இல், பள்ளிப் பருவத்தில் பிரிந்த இருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஓர் இரவு மட்டும் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு கதைகளிலும் காதல் உண்மையானது, இரண்டிலும் அது கைகூடப் போவதில்லை, இரண்டிலும் யாரும் குற்றவாளி இல்லை. இளைஞர்களின் ஏக்கத்தைப் பாடத் தமிழ்த் திரைப்பாடலில் ஆயிரம் உவமைகள் இருக்கின்றன. நடுவயதைக் கடந்தவர்கள் தம் துணைக்கும் குடும்பத்துக்கும் துரோகம் செய்யாமல், அதே நேரத்தில் தம் நினைவுக்கும் துரோகம் செய்யாமல் பேசிக்கொள்ளும் மொழி மிக அரிதாகவே இருந்தது. ஒரே ஆண்டில், சந்தோஷ் நாராயணன், கோவிந்த் வசந்தா என்ற இரு வேறு இசையமைப்பாளர்களுக்காக, அந்த மொழியை உமாதேவி உருவாக்கினார். விரிந்து போகும் வாக்கியங்களுக்குப் பதிலாகச் சிறுசிறு தொடர்களை அடுக்கி, இடையில் மௌனத்துக்கு இடம் விட்டு அவர் எழுதும் முறை, கோவிந்த் வசந்தாவின் வயலினுக்கு மிகப் பொருந்தியது. சொல் நிறுத்திய இடத்திலிருந்து வயலின் தொடர்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘96’-இல் நாயகி ஜானுவாக நடித்த த்ரிஷாவுக்குப் பின்னணி பேசியவரும் சின்மயிதான். பேசும் குரலும் பாடும் குரலும் ஒன்றாக இருப்பதால், ஜானு பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும்போது நமக்கு எந்தத் தடையும் தெரிவதில்லை. எஸ். ஜானகியின் பெயரைத் தாங்கிய அவள், ராம் பள்ளிக் காலத்திலிருந்து கேட்டும் பாடாமலே வைத்திருந்த ‘யமுனை ஆற்றிலே’யை மின்சாரம் போன இருட்டில் பாடத் தொடங்குகிறாளே, அங்கே இசைக்கருவி எதுவும் இல்லை. 1991-இல் ‘தளபதி’க்காக வாலி எழுதி, இளையராஜா மெட்டமைத்த சில வரிகள்தான் அவை. அந்தச் சில வரிகள் அரங்கம் முழுவதையும் அசையவிடாமல் செய்தன. வரிகளின் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு நீங்கள் சான்றாகக் காட்டிய ஆண்டில்தான் இது நடந்தது.

‘பரியேறும் பெருமா’ளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அது முற்றிலுமாக இல்லை. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஐந்து மாதங்களில் ‘காலா’, ‘பரியேறும் பெருமாள்’, ‘வடசென்னை’ என்ற மூன்று தொகுப்புகளை சந்தோஷ் நாராயணன் தந்தார். மூன்றும் தாராவி, திருநெல்வேலிச் சீமை, வடசென்னை என்ற மூன்று வேறு நிலங்கள். நிலம் மாறும்போது அவருடைய ஒலியும் மாறியது என்பதே அந்த ஆண்டில் ஓர் இசையமைப்பாளர் நிகழ்த்திய ஆகப் பெரிய செயல் என்பேன். இவற்றில் இரண்டாவதில் இயக்குநர் மாரி செல்வராஜே பாடலாசிரியராகவும் இருக்கிறார். ‘பொட்டக்காட்டில் பூவாசம்’ அவர் எழுதியது. பாடலாசிரியர் விவேக்கும் அவரும் சேர்ந்து எழுதிய ‘கருப்பி’யைச் சந்தோஷ் நாராயணன் தாமே பாடினார்.

‘கருப்பி’ ஒரு நாய்க்கான ஒப்பாரி. நாயகன் பரியனின் வேட்டை நாயை ஆதிக்க சாதியினர் தண்டவாளத்தில் கட்டிவைத்து ரயிலுக்குப் பலிகொடுக்கிறார்கள். ஊரார் கூடி, மனிதருக்குச் செய்வதைப் போலவே அதற்கு இறுதிச் சடங்கு செய்கிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே வரும் இந்தப் பாடலில், இழந்தவனின் அழுகையும் கொன்றவர்களை அறிந்தவனின் சினமும் ஒரே மூச்சில் வருகின்றன. பயிற்சி பெற்ற இனிய குரல் ஒன்று இதைப் பாடியிருந்தால் துயரம் அழகாகியிருக்கும். அழகானதும் நாம் அதிலிருந்து விலகி நின்று ரசித்திருப்போம். சந்தோஷ் நாராயணனின் கரகரத்த குரல் அந்த விலகலுக்கு இடம் தரவில்லை. ஒப்பாரியின் இலக்கணப்படி இறந்தவரை விளித்து, அவரோடு வாழ்ந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழ வேண்டும். காடும் வேட்டையும் மோப்பமுமாக இப்பாடல் அந்த இலக்கணத்தை ஒரு நாய்க்குப் பொருத்துகிறது. யாருடைய சாவு அழத் தக்கது என்ற கேள்வியை ஒரு வரியில்கூட நேராகக் கேட்காமலே பாடல் முழுவதும் கேட்டுவிடுகிறது. அதே தொகுப்பின் ‘நான் யார்’ கேள்விகளாகவே அமைந்த பாடல். தன்னை யாரென்று உலகம் சொல்கிறதோ அதை ஏற்க மறுக்கும் ஒருவனின் குரல் அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் படத்தின் வாதம் முழுமையும் கிடைத்துவிடும்.

விவேக் என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘கருப்பி’யில் பங்கு கொண்ட அவரே ‘வடசென்னை’யின் ‘என்னடி மாயாவி நீ’, ‘கார்குழல் கடவையே’ ஆகியவற்றையும், ‘சர்கார்’ படத்துக்குப் பழைய மெட்ராஸ் பேச்சில் ‘சிம்டாங்கார’னையும் எழுதினார். செவ்வியல் சாயல் கொண்ட காதல் மொழி, நெல்லை மண்ணின் அழுகை, சென்னைத் தெருவின் வீறாப்பு என மூன்றும் ஒரே ஆண்டில் ஒருவரிடமிருந்து வந்திருக்கின்றன. உங்கள் பட்டியலிலேயே அவருடைய பாடல்கள் இரண்டு உள்ளன.

திரைக்கு வெளியேயும் அந்த ஆண்டில் சொல் வலுவாக இருந்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியில், இசையமைப்பாளர் டென்மாவின் ஒருங்கிணைப்பில், கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஒலித்தன. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி ராப் பாடகர் அறிவு எழுதிய பாடலைப் போன்ற ஒன்றை அதற்கு முன்னர் நான் தமிழ் மேடையில் கேட்டதில்லை. உங்கள் குறிப்பேடு திரைப்பாடலுக்கானது என்பதால் இதை இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் மனக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. முத்துக்குமார் இருந்தவரை, எல்லாப் பாடல்களையும் அவர் ஒருவரே எழுதிய படங்கள் பல வந்தன. ஆகவே அவர் பெயர் நம் மனத்தில் பதிந்தது. இப்போது ஐந்து பாடல்களை மூவரோ நால்வரோ எழுதுகிறார்கள். பாடல் செயலிகளில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் கண்ணில் படுகின்றன, எழுதியவரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பல பாடல்களில் தாளக் கருவிகளின் ஒலி குரலை மூடிவிடுகிறது. நடிகர்கள் எழுதும் பாடல்களும் பெருகியிருக்கின்றன. உங்கள் பட்டியலில் ‘ரௌடி பேபி’ தனுஷ் எழுதியது, ‘கல்யாண வயசு’ சிவகார்த்திகேயன் எழுதியது. இரண்டையும் நான் விரும்பிக் கேட்பேன். ‘ரௌடி பேபி’யில் யுவன் சங்கர் ராஜாவின் தாளமும் பாடகி தீயின் குரலும் தரும் துள்ளலுக்கு எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அப்பாடல்களுக்கு வரிகள் முதன்மையானவை இல்லை என்பதால், அவற்றை வைத்து வரிகளின் நிலையை அளக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறேன். டிசம்பரில் வெளியான ‘கண்ணான கண்ணே’ தாமரையின் அருமையான பாடல். ‘விஸ்வாசம்’ படம் 2019 ஜனவரியில் வந்ததால் அதை அடுத்த ஆண்டின் கணக்கில் வைக்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ‘தி லைஃப் ஆஃப் ராம்’, ‘இரவிங்கு தீவாய்’, ‘கண்ணம்மா’, ‘புள்ளினங்காள்’, ‘நான் யார்’, ‘கார்குழல் கடவையே’ ஆகியவை என் பட்டியலில் இருக்கும். உங்களுடையவற்றில் ‘மழைக்குருவி’யையும் ‘காதலே காதலே’யையும் வைத்துக்கொள்வேன். முதலிடம் ‘கருப்பி’க்கு. மற்ற பாடல்களுக்கெல்லாம் தமிழில் ஏதேனும் ஒரு முன்னோடியை என்னால் சொல்ல முடியும். ‘கருப்பி’க்கு முன்னோடி நம் வீட்டுச் சாவுகளில் பெண்கள் பாடிய ஒப்பாரிதானே தவிர, திரையில் ஒன்றும் இல்லை.

உங்கள் 2019 பட்டியலை எழுதியவர்களின் பெயர்களோடு அனுப்புங்கள். அதைப் பற்றியும் பேசலாம்.

அன்புடன்.