டெஸ்க்டாப்பின் ப்ளூடூத் பக்கத்து அறை வரைகூட எட்டவில்லை. தனி அடாப்டர் வாங்கினால் சரியாகுமா?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாலே பாட்டு விட்டுவிட்டு வருகிறது, யுஎஸ்பி அடாப்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், பலன் உண்டு. ஆனால் எந்த அடாப்டர் என்பதைவிட அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். எனக்கு இது இரண்டு அடாப்டர் வாங்கிய பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஹாலில், மேசைக்கு அடியில் இருக்கிறது. அம்மா சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கச்சேரி கேட்பார். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குவதால் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன்தான். நடுவில் ஒரு செங்கல் சுவர், தூரம் ஆறு மீட்டர் இருக்கும். மதர்போர்டில் ப்ளூடூத் இல்லாததால் நகம் அளவு டாங்கிள் (சின்ன யுஎஸ்பி அடாப்டர்) ஒன்றை வாங்கி சிபியுவின் பின்பக்கம் செருகியிருந்தேன். அடுப்புப் பக்கம் நின்றால் நன்றாகக் கேட்கும். பாத்திரம் கழுவத் திரும்பினால் ஆலாபனை நடுவிலேயே அறுந்துவிடும்.

ஒருநாள் பக்கத்தில் நின்று கவனித்தேன். வலது காது ஹாலைப் பார்த்து இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஹெட்போனின் ஆன்டெனா அந்தப் பக்கம்தான் போல. தொட்டிப் பக்கம் திரும்பியதும் அதற்கும் டாங்கிளுக்கும் நடுவில் அம்மாவின் தலை வந்துவிடுகிறது. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். நீர் நிறைந்த நம் உடம்பு அந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். சிக்னல் ஏற்கெனவே தேய்ந்துபோய் வந்துகொண்டிருந்தால், ஒரு தலை மறைத்தாலே போதும்.

அடுத்து, ஆன்டெனா வைத்த கிளாஸ் 1 அடாப்டர் வாங்கினேன் (கிளாஸ் என்பது அனுப்பும் சக்தியை வைத்துப் பிரித்த வகை). சாதாரண கிளாஸ் 2 கருவி அதிகபட்சம் 2.5 மில்லிவாட் அனுப்பும். கிளாஸ் 1 என்றால் 100 மில்லிவாட் வரை போகலாம், அதாவது 40 மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாக நான்கு மடங்கு சக்தி வேண்டும். அந்தக் கணக்கில் 40 மடங்கு சக்திக்குத் தூரம் ஆறு மடங்கு சொச்சம்தான் கூடும். அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே. ஹெட்போனும் பதில் அனுப்பியாக வேண்டும், அதன் சக்தி அப்படியேதான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 100 மீட்டரை வீட்டுக்குள் எதிர்பார்க்காதீர்கள்.

அதையும் பின்பக்கமே செருகினேன், வெளி ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்து நீல யுஎஸ்பி 3.0 போர்ட்டில். கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் ஹார்ட் டிஸ்கில் ஃபைல் காப்பி ஆகும்போதெல்லாம் கரகரப்பு. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே ரேடியோ இரைச்சல் கிளம்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இது போதாதென்று, அடாப்டருக்கும் சமையலறைக்கும் நடுவில் சிபியுவின் தகரப் பெட்டி முழுசாக நிற்கிறது.

கடைசியில் ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, அடாப்டரைப் புத்தக அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினேன். அன்றிலிருந்து அம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் பாட்டு அறுவதில்லை. சந்தேகம் தீர, அதே கேபிளில் பழைய நகம் அளவு டாங்கிளை மாட்டிப் பார்த்தேன். தொட்டிவரை அதுவும் அறாமல் வந்தது! வாசல் பக்கம் போனால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

அதனால் முதலில் ஒரு கேபிள் வாங்குங்கள். யுஎஸ்பி 2.0 கேபிளே போதும், ஒன்றிரண்டு மீட்டர். அலமாரியில் வைத்த பிறகு அடாப்டரைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தியும் பாருங்கள். இந்த அலையின் நீளமே 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், நாலு விரல் நகர்த்தினால்கூடச் சில இடங்களில் நிலைமை மாறும். இரும்பு பீரோ பக்கம் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மதர்போர்டிலேயே ப்ளூடூத் இருந்தால், சிபியுவின் பின்னால் திருகு மரை போட்ட இரண்டு சின்ன பித்தளை முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஆன்டெனா மாட்டுவதற்கானவை. அவை மொட்டையாக இருந்தால் மதர்போர்டு வந்த பெட்டியில் தேடுங்கள், ஆன்டெனா பிரிக்காமலே கிடக்கும். நண்பர் ஒருவர் வீட்டில் அதைத் திருகியதோடு வேலை முடிந்தது, அடாப்டரே வாங்கவில்லை.

தனி அடாப்டர் போட்டால், விண்டோஸில் உள்ளே இருக்கும் ப்ளூடூத்தை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத்தைத்தான் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஹெட்போனைப் புதிதாக இணைக்க (பேரிங்) வேண்டும். வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 2.4-இல் நெரிசல் குறையும்.

கடையில் "ப்ளூடூத் 5.0, அதனால் நாலு மடங்கு தூரம்" என்று சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த நீண்ட தூர வசதி ப்ளூடூத்தின் லோ எனர்ஜி (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) பகுதிக்கு மட்டும் உரியது. வழக்கமான ஹெட்போன்களில் பாட்டு வருவது பழைய கிளாசிக் வழியில், அதற்கு இந்த வசதி பொருந்தாது.

கேபிள் போட்டும் அறுந்தால், கம்ப்யூட்டர் எங்கே, நடுவில் என்ன சுவர் என்று கமென்டில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.