தனியாகப் போனால்தான் வருமா?

வணக்கம் அக்கா,

எனக்கு 24 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் அம்மா, அப்பா, பாட்டியோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். பல்கலைக்கழகம் முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறேன், சம்பளம் 3,500 வெள்ளி. சின்ன வயதிலிருந்தே வீட்டில் பணிப்பெண் உண்டு. அதனால் நான் குளியலறை கழுவியதில்லை, துணி தேய்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போயிருந்த சமயம், பணிப்பெண்ணும் விடுப்பில் இருந்தார், ஒரு ராத்திரி வீட்டில் கரண்டு போய்விட்டது. எனக்கும் பாட்டிக்கும் ஒன்றும் புரியவில்லை. திருச்சியில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினேன். எந்த சுவிட்சைத் தூக்க வேண்டும் என்று அவர் வீடியோவில் பார்த்துச் சொன்னார். ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

என் அலுவலகத்தில் ஜொகூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்கள் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். நானும் வெளியே அறை எடுக்கலாமா என்று கேட்டால் அம்மா அழுகிறார். தனியாளாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அதுவரை நான் குழந்தைதானா? தனியாகப் போனால்தான் இதெல்லாம் வருமா? என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்.

இன்னொன்று. பள்ளித் தோழி ஒருத்தி காப்புறுதி முகவராகியிருக்கிறாள். மாதம் 400 வெள்ளிக்கு ஒரு சேமிப்புத் திட்டம் எடுக்கச் சொல்கிறாள். எடுக்கலாமா?

பெயர் வேண்டாம், ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் தரமாட்டேன். பொத்தான் தைப்பது, முட்டை அவிப்பது என்று இணையத்தில் அந்த மாதிரிப் பட்டியல் எவ்வளவோ கிடக்கிறது, அதில் பாதியை யூடியூப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், முடித்த பிறகும் நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில்தான் இருப்பீர்கள். கரண்டு போன ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சுவிட்ச் என்று தெரியாதது சின்ன விஷயம். கரண்டு போனால் அது அப்பாவின் வேலை என்று 24 வருடமாக இருந்ததுதான் பெரிய விஷயம்.

வீட்டில் ஒரு வேலை யாருடையது என்று தெரிந்துகொள்ள நான் ஒன்றைப் பார்ப்பேன். அது மறந்துபோனால் திட்டு யாருக்கு விழுகிறது? நீங்கள் பாத்திரம் கழுவி வைக்கலாம், கடைக்குப் போய் வரலாம், ஆனால் உப்பு தீர்ந்துவிட்டால் அம்மாவைத்தானே கேட்பார்கள்? அப்படியென்றால் அது இன்னும் அம்மாவின் வேலைதான், நீங்கள் ஒத்தாசை செய்கிறீர்கள், அவ்வளவே. திட்டு உங்களுக்கு விழும்படி ஏதாவது ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும்.

இதற்கு வெளியே போகவேண்டும் என்று கட்டாயமில்லை. நம் பையன்களைப் பாருங்கள். 18 வயதில் தேசிய சேவைக்குப் போகிறார்கள், இரண்டு வருடம், படுக்கை மடிக்கிறார்கள், பூட்ஸ் பாலிஷ் போடுகிறார்கள், காட்டில் குழி தோண்டித் தூங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அழுக்குத் துணிப் பையை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே தங்குவது தானாக எதையும் மாற்றிவிடாது. உங்கள் அலுவலகப் பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதற்குக் காரணம், அவர்கள் மறந்தால் பார்த்துக்கொள்ள இங்கே வேறு ஆள் இல்லை.

சரி, எதை எடுப்பது? நானாக இருந்தால் பாட்டியின் மருத்துவத்தை எடுப்பேன். சமையலையோ துணியையோ அல்ல, அவற்றைப் பணிப்பெண்ணிடமிருந்து பிடுங்கி நீங்கள் செய்து காட்டினால் அது ஒரு வாரத்து விளையாட்டாகப் போய்விடும். பாட்டியின் மருத்துவம் அப்படியில்லை. பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பு எப்போது, அதற்கு முன்னால் ரத்தம் எடுக்கவேண்டுமா, வெறும் வயிற்றோடு போகவேண்டுமா, எந்த மாத்திரை தீரப்போகிறது, எதை டாக்டர் நிறுத்தச் சொன்னார், இதெல்லாம் இப்போது அம்மாவின் தலைக்குள் இருக்கும், வேறு எங்கும் இருக்காது. முதலில் அதை ஒரு தாளில் இறக்குங்கள். ஹெல்த்ஹப் செயலியில் பாட்டியைப் பராமரிப்பவராக உங்களைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பாட்டி 1949 அல்லது அதற்கு முன் பிறந்தவர் என்றால் பெரும்பாலும் முன்னோடித் தலைமுறை, 1950களில் பிறந்தவர் என்றால் பெரும்பாலும் மெர்டேக்கா தலைமுறை, இரண்டுக்கும் அரசாங்கத்தின் தனித்தனிச் சலுகைகள் உண்டு, அட்டை எந்த டப்பாவில் கிடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் ஒருநாள் விடுப்பு போட்டு நீங்களே அழைத்துப் போங்கள். டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடம்தான். பாட்டியைக் கேட்டால் "ஒரு மாதிரியா இருக்கு" என்பார். எப்போது ஒரு மாதிரி, படுக்கையிலிருந்து எழும்போதா, மாத்திரை போட்ட பிறகா, எத்தனை நாளாக என்று முதல்நாளே வீட்டில் கேட்டுக் குறித்துக்கொண்டு போனால்தான் அந்தச் சில நிமிடத்தில் உருப்படியாக ஏதாவது நடக்கும். அங்கே தெரியாததைக் கூச்சப்படாமல் திரும்பக் கேட்பீர்கள், முகப்பில் இருப்பவர் சுள்ளென்று பேசினாலும் வேலையை முடித்துக்கொண்டு வருவீர்கள், முன்பின் தெரியாத இடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தேதியை மாற்றுவீர்கள். உங்கள் தலைமுறைக்கு (கோபித்துக்கொள்ளாதீர்கள்) அழைப்புப் பொத்தானை அழுத்துவதைப்போலப் பயம் தருவது வேறெதுவும் இல்லை என்பது என் கணிப்பு. மெசேஜில் முடியாத காரியங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

அந்தத் தாளிலேயே மூன்று எண்களையும் எழுதி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 995. ஆம்புலன்ஸ் வேண்டும், ஆனால் அவசரமில்லை என்றால் 1777. போலீஸ் என்றோ வங்கி என்றோ சொல்லி யாராவது பாட்டியிடம் பேசினால், அது மோசடியா என்று கேட்க 1799.

கரண்டு விஷயத்தையும் முடித்துவிடுவோம், வெட்கம் அங்கேதானே ஆரம்பித்தது. இருட்டானதும் முதலில் வாசலைத் திறந்து பாருங்கள். தாழ்வாரமும் பக்கத்து வீடும் இருட்டாக இருந்தால் கோளாறு வெளியே, காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் வீடு மட்டும் என்றால் மின்பெட்டியைத் திறங்கள். சின்னச் சின்ன சுவிட்சுகளோடு பெரிதாக ஒன்று, சோதிப்பதற்கான குட்டிப் பொத்தானோடு இருக்கும். எங்காவது மின்சாரம் கசிந்தால் உடனே விழுந்து ஆளைக் காப்பாற்றுவது அதுதான். எல்லா வீடுகளிலும் அது இருக்கவேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது, பழைய வீடுகளுக்குக் கொடுத்திருந்த கெடு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. அது விழுந்திருந்தால் சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள், பெரியதைத் தூக்குங்கள், பிறகு சின்னதை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எதைத் தூக்கும்போது பெரியது மறுபடி விழுகிறதோ, கோளாறு அந்த வரிசையில். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டால் மற்ற அறைகளுக்கு வெளிச்சம் வந்துவிடும். அந்த வரிசையில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பார்த்தால் குற்றவாளி கிடைத்துவிடும், பழைய கெட்டிலாகவோ தண்ணீர் ஹீட்டராகவோ இருக்கும். எல்லாவற்றையும் இறக்கியும் பெரியது நிற்கவில்லை என்றால் தொடாதீர்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். வருவதற்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணைய விளம்பரத்தில் இருபது முப்பது வெள்ளி என்று போட்டிருப்பது வீட்டுக்குள் வந்ததும் பல நூறாக மாறிய கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். இதை ஒரு சனிக்கிழமை மதியம், அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள். கணினியை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள், அது அவருக்கே தெரியாமல் இருக்க வாய்ப்பிருக்கிறது.

சமையலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை, கூப்பிடு தூரத்தில் உணவங்காடி என்று இருக்கும் ஊரில் அடுப்பைத் தொடாமலே எழுபது வயதுவரை வாழ்ந்துவிடலாம். காய்ச்சல் வந்தால் வேண்டும் என்பதற்காகச் சாதம், ரசம், ஒரு முட்டை. குளியலறையை மட்டும் கண்டிப்பாகக் கழுவிப் பழகுங்கள், அடுத்தவர் அழுக்கைக் கழுவுபவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்ற யோசனை கூடவே வரும்.

பணம். 3,500 வெள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள், கைக்கு வருவது ஏறக்குறைய 2,800. 20 விழுக்காடு, 700 வெள்ளி, மத்திய சேமநிதிக்குப் போகிறது, முதலாளி தன் பங்குக்கு 17 விழுக்காடு, 595 வெள்ளி சேர்க்கிறார். மொத்தம் 1,295. உங்கள் வயதில் அதில் 805 சாதாரணக் கணக்குக்கு, 210 சிறப்புக் கணக்குக்கு, 280 மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு. இதை ஒருமுறையாவது சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கு) நுழைந்து பார்த்தீர்களா? பார்க்கும்போதே நியமனத்தையும் செய்துவிடுங்கள். சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது, யாருக்கு என்று நீங்கள் எழுதி வைக்காவிட்டால் பொது அறங்காவலர் வழியாகச் சட்டப்படிதான் பிரிப்பார்கள், கட்டணமும் உண்டு. இரண்டு சாட்சிகள் வேண்டும், யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவரே சாட்சியாக முடியாது. கல்யாணம் ஆனால் பழைய நியமனம் ரத்து, திரும்ப எழுதவேண்டும். இந்த வயதில் சாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று அம்மா கோபப்படுவார், பரவாயில்லை.

அம்மா கையில் மாதாமாதம் ஏதாவது கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், நம் வீடுகளில் வழக்கம்தானே. அதில் ஒரு பகுதியைக் கொடுக்காமல், மின்சாரம் தண்ணீர் பில்லையும் நகர மன்றக் கட்டணத்தையும் உங்கள் பெயரில் கைரோவில் போட்டுக்கொள்ளுங்கள். பில் உங்கள் கணக்கிலிருந்து போகும்போதுதான் உங்கள் அறை ஏர்கான் ராத்திரி முழுக்க ஓடுவது கண்ணில் படும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் பில் குறைந்து தெரிந்தால் ஏமாறாதீர்கள், அது அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி.

இப்போது தோழி. காப்பி குடிக்கக் கூப்பிடும் பழைய தோழிகள் எல்லோரும் முகவர்கள் இல்லை, ஆனால் ஐந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கூப்பிடுகிறவள் அநேகமாக முகவர்தான். அவளும் பிழைக்கவேண்டும், நான் குறை சொல்லவில்லை. 400 வெள்ளி என்பது உங்கள் கைக்கு வருவதில் ஏழில் ஒரு பங்கு. பத்து இருபது வருடம் கட்டவேண்டிய திட்டமாக இருக்கும், நடுவில் நிறுத்தினால் போட்டது முழுசாகத் திரும்ப வராமல் போகலாம். உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவமனைக் காப்புறுதி எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. 21 வயது தாண்டி முதல் சேமநிதிச் சந்தா விழுந்ததும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டமும் (இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பணம் தரும் காப்புறுதி) தானாகச் சேர்ந்திருக்கும், வேண்டாம் என்று நீங்கள் விலகியிருந்தால் ஒழிய. வருடத்துக்கு 18 வெள்ளி, 70,000 வெள்ளி வரை பாதுகாப்பு. அலுவலகத்திலும் ஏதாவது இருக்கும். என்னைக் கேட்டால், ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும்வரை எந்தச் சேமிப்புத் திட்டமும் வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு, சொல்லக் கூச்சப்பட்டுத்தான் 'எடுக்கலாமா' என்று கேட்கிறீர்கள் என்றால் (இந்தக் கடிதத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது), ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளைக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

பாட்டியையும் பில்லையும் ஆறு மாதம் பார்த்துக்கொண்ட பிறகும் வெளியே போகவேண்டும் என்றே தோன்றினால் தாராளமாகப் போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. வீவக வீட்டில் அறை என்றால் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், 'ரெண்டு மாதம் இருந்து பார்' என்கிறவரிடம் போகாதீர்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை வாடகைக்கு வருபவர் கட்டவேண்டியது, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, கையெழுத்திட்ட 14 நாளைக்குள். சமைக்கலாமா, ஏர்கானுக்குத் தனிக் காசா என்று முதலிலேயே கேளுங்கள். நம் பெயரைக் கேட்டதும் 'அறை போய்விட்டது' என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் மல்லுக்கட்டி அந்த வீட்டில் போய்க் குடியிருப்பதில் என்ன இருக்கிறது, அடுத்ததைப் பாருங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், மெத்தை, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள், முன்பணம் திரும்ப வாங்கும்போது உதவும்.

பாட்டியின் சந்திப்புகளை அங்கிருந்தும் நீங்கள்தான் பார்க்கவேண்டும், அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மா அழுவார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, காத்திப்பிலோ செம்பவாங்கிலோ அறை கிடைத்தால் கொஞ்சம் குறைவாக அழுவார். இதெல்லாம் நான் சொல்லித்தான் செய்கிறீர்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
அக்கா